காரைக்குடிப் பெரியவர்கள்: ஊர் நினைப்பவர்களும் நினைக்காதவர்களும்

உங்கள் மகள் காரைக்குடியில் கல்லூரியில் சேரப்போகிறாள் என்றும், அந்த ஊரில் படித்தவன் என்ற முறையில் அங்கே மக்கள் மதித்த பெரியவர்களைப் பற்றிப் பெயர்ப்பலகையில் இருப்பதற்கு மேல் ஏதாவது சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1970களின் பிற்பகுதியில் அங்கே படித்தவன் நான். அன்று கேட்டதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காரைக்குடி தனக்கு நிலமும் பணமும் தமிழும் கொடுத்தவர்களை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. ‘உன் வீட்டு வழக்கத்தை மாற்றிக்கொள்’ என்று அதனிடம் சொன்னவர்களை அந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை. உங்கள் மகள் இரு வகையினரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஊரின் பின்னணி கொஞ்சம் தெரிந்தால்தான் இவர்கள் செய்தது விளங்கும். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவித் தொழில் செய்து ஈட்டிய பணம்தான் செட்டிநாட்டின் வளவுகள் என்னும் பெரிய மாளிகை வீடுகளாகவும் பர்மாத் தேக்குத் தூண்களாகவும் நிற்கிறது. பர்மா நெல்விலை வீழ்ந்த 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழிலின் முதுகெலும்பை முறித்தன. அதற்கு முன்பும் அவர்கள் அறத்துக்குக் குறை வைத்தவர்கள் அல்லர். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைப்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் வேதபாடசாலைக்கும் போயிற்று. அது கல்லூரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் திரும்பியதில், காரைக்குடியைப் பொறுத்தவரை, ஒரு மனிதரின் பங்கு மிகப் பெரியது.

அவர் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்த அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலை முடித்து, லண்டனில் சட்டம் படித்து, அங்கே விமானம் ஓட்டவும் கற்றுத் திரும்பியவர். நூற்பாலை, காப்பீடு, விமானப் போக்குவரத்து என்று அவர் தொட்ட துறைகள் பல. அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பணம் எப்படி வந்தது என்பதைவிட எப்படிப் போயிற்று என்பதைத்தான் ஊர் பேசும். ஆங்கில அரசு கொடுத்த ‘சர்’ பட்டத்தை நாடு விடுதலை பெற்றதும் துறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

1947 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அங்கே பேசும்போது, உயர்கல்வி பரவ வேண்டுமானால் செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்றார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அறிவித்ததோடு நிற்காமல் அடுத்த மாதமே, அதாவது விடுதலை நாளுக்குச் சில நாள் முன்பே, ஊரில் இருந்த காந்தி மாளிகையில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். கட்டடம் எழும்பட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்று ஒரு பாடப்பிரிவைக் கூடுதலாகத் தொடங்க எத்தனை கோப்புகள் எத்தனை மேசைகளைச் சுற்றி வர வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும்.

அடுத்து வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை எங்கெங்கே அமைப்பது என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, ரயில் நிலையமும் செம்மண் பொட்டலும் தவிரச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத ஒரு சிற்றூர் அந்தப் பட்டியலில் இடம் பிடித்ததற்குக் காரணம், அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் எடுத்துக் கொடுத்ததுதான். 1948 ஜூலை 25ஆம் நாள் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இதே காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி, மழலையர் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்றபோது கோட்டையூரில் தாம் குடியிருந்த மாளிகையையே ஒழித்துக் கொடுத்தார். இதை நான் முதலில் கேட்டது ஒரு மேடைப் பேச்சில் அன்று, விடுதிச் சமையலறையில்தான். சோறு பரிமாறிக்கொண்டே, ‘குடியிருந்த வீட்டக் குடுத்த மனுசன் ஊரு தம்பி இது’ என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் நகரத்தாரும் அல்லர், அழகப்பரிடம் சம்பளம் வாங்கியவரும் அல்லர்.

சென்னை கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு அவர் ஏற்படுத்திய அறக்கட்டளையும் இதே கையிலிருந்து வந்தவை. 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, 1957 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் காலமானார். அதற்கு முந்திய ஆண்டுதான் பத்மபூஷண் விருது வந்திருந்தது. காரைக்குடிக் கல்லூரி தொடங்கி அவர் மறைவு வரை எண்ணிப்பார்த்தால் பத்தாண்டுகூட ஆகவில்லை. பிற்காலத்தில் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள் ஆயின. 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம் அமைந்தது. உங்கள் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவர் வாங்கிக் கொடுத்த மண்ணிலோ அதற்கு எதிர்ப்புறத்திலோதான் நடப்பாள்.

பணம் கொடுத்துப் பெயர் பெற்றவர் அழகப்பர் என்றால், கையில் பணம் அதிகம் இல்லாமல் ஊரைக் கட்டிப்போட்டவர் கம்பன் அடிப்பொடி சா. கணேசன். 1908இல் பிறந்து 1982இல் மறைந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், கல்வெட்டும் சிற்பமும் அறிந்தவர், பிள்ளையார்பட்டிக் கோயிலைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். ஆனால் ஊருக்கு அவர் முதலும் முடிவுமாகக் கம்பன் கழகத்துக்காரர். 1939 ஏப்ரலில் கம்பனைச் சுவைத்துச் சொல்வதில் பெயர் பெற்ற ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) தலைமையில் முதல் கம்பன் திருநாளை நடத்தினார். அன்று தொடங்கியது இன்று வரை நடந்துவருகிறது. பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பர் சமாதி இருப்பதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையிலும் விழா நடைபெறும். ‘கம்பன் புகழ் பாடிக் கன்னித் தமிழ் வளர்ப்போம்’ என்ற முழக்கம் அங்கிருந்து கிளம்பி, பிறகு புதுச்சேரி, சென்னை, இலங்கை என்று கம்பன் கழகங்கள் தோன்றிய இடங்களுக்கெல்லாம் சென்றது.

நான் பார்த்தபோது அவர் முதியவர். மேலில் சட்டை இல்லாமல் துண்டு மட்டும் போட்டுக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அழைப்பிதழில் மாலை 5.30 மணி என்று அச்சிட்டிருந்தால் 5.30 மணிக்குக் கடவுள் வாழ்த்துத் தொடங்கிவிடும். அமைச்சர் வரவில்லை, நீதிபதியின் வண்டி திருச்சியில் நிற்கிறது என்ற காரணங்களுக்கெல்லாம் இடமே இல்லை. பேச்சாளருக்கும் அதே கணக்கு. கொடுத்த நேரம் முடிந்ததும் எவ்வளவு பெரிய நாவலராக இருந்தாலும் மணி அடித்துவிடும். தமிழ்நாட்டு இலக்கிய மேடைகளைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், சா. கணேசனின் பெரிய சாதனை அந்த மணிதான் என்று எனக்குப் படுவதுண்டு. கூட்டம் தாமதமாகத் தொடங்குவதையே மரியாதையாகக் கருதும் நாட்டில், காத்திருக்கும் கேட்பவருக்கு மரியாதை செய்த மேடை அது. விடுதி மாணவர்களாகிய நாங்கள் ஐந்து மணிக்கே ஓடுவோம். ஓடாவிட்டால் ஜமக்காளத்தில் இடம் கிடைக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1940களில் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற திராவிட இயக்கத்தாரின் குரல் தமிழ்நாட்டு மேடைகளில் ஓங்கி ஒலித்தது. 1943இல் அறிஞர் அண்ணாவும் தமிழறிஞர்களும் இதைப் பற்றி நேருக்கு நேர் சொற்போரே நடத்தினார்கள். அந்தச் சூழலில் கம்பனைப் பக்தி நூலாக மட்டும் முன்வைத்திருந்தால் கம்பன் கழகம் ஒரு பஜனை மடமாக முடிந்திருக்கும். சா. கணேசன் அதைத் தமிழ்க் கவிதையாக, எல்லோருக்கும் உரிய சொத்தாக முன்வைத்தார். பொதுவுடைமைக் கட்சியின் ஜீவானந்தம் அந்த மேடையில் கம்பனைப் பற்றிப் பேசினார் என்பதும், ஊர் அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது என்பதும் இதற்குச் சான்று. ஜீவாவுக்கு இந்த வட்டாரம் அந்நியமும் அன்று. பக்கத்துச் சிராவயலில் அவர் இளைஞராக ஆசிரமம் நடத்திய காலத்தில், 1927இல் காந்தி அவரைத் தேடி வந்து பார்த்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் காந்தி, செட்டிநாட்டு வீடுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் குவிந்துகிடப்பதை மேடையிலேயே சொல்லிக் கடிந்துகொண்டார். விருந்தோம்பியவர்களை அவர்கள் ஊரிலேயே கடிந்துகொள்ளும் துணிவும், அதைக் கேட்டுக்கொண்டு கதர் நிதிக்குப் பணமும் கொடுத்தனுப்பிய பக்குவமும் அந்தத் தலைமுறைக்கு இருந்தன.

காரைக்குடிக் கம்பன் மணிமண்டப வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் வேண்டும் என்பது சா. கணேசனின் கனவு. 1975இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1993இல் திறக்கப்பட்டது. அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மொழிக்குக் கோயில் கட்டுவது தேவைதானா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்குமே அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த வளாகத்தை ஒரு முறை சுற்றி வருவது நல்லதுதான்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஊரை விழிக்கச் செய்தது ஓர் இளைஞர் கூட்டம். 1917இல் ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா உள்ளிட்ட இளைஞர்கள் இந்து மதாபிமான சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரைப் பார்த்து இன்றைய கண்ணோடு ஏதேதோ எண்ணிவிட வேண்டாம். வாசகசாலை, சொற்பொழிவு, சமூகச் சீர்திருத்தப் பேச்சு ஆகியவைதான் அதன் வேலை. 1919இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தபோது இந்தச் சங்கத்தார் மீது ஒரு பாட்டும் பாடினார். பாரதியின் நிழற்படங்கள் என்று நம்மிடம் எஞ்சியிருப்பவை ஒரு கை விரல்களில் அடங்கும். அவற்றில் காரைக்குடியில் எடுத்தவையும் உண்டு. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டதை நினைத்தால், அன்று ஒரு படக்காரரை வரவழைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

ராய.சொ. பிற்காலத்தில் ‘தமிழ்க்கடல்’ என்று போற்றப்பட்டார். ‘ஊழியன்’ இதழை நடத்தினார். புதுமைப்பித்தன்கூட அந்த இதழில் சிறிது காலம் வேலை பார்த்தார். நகராட்சித் தலைவராகவும் ராய.சொ. இருந்தார். அவர் பெயர் ஊரில் இன்னும் ஓரளவுக்கு நிலைத்திருக்கிறது.

சொ. முருகப்பாவின் பெயர் அப்படி நிலைக்கவில்லை. நான் படித்த ஆண்டுகளில் எந்த மேடையிலும் அவரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. கல்லூரியை விட்டு வந்த பிறகு பழைய இதழ்களைப் புரட்டியபோதுதான் அவரைத் தெரிந்துகொண்டேன். நகரத்தாரிடையே சீர்திருத்தம் பேச ‘தன வைசிய ஊழியன்’ இதழைத் தொடங்கியவரும் அவர்தான், பிறகு ‘குமரன்’ இதழை நடத்தியவரும் அவர்தான். ஆனால் அவர் கை வைத்த இடம் வேறு. அன்றைய செட்டிநாட்டில் ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கில் அக்கரைக்குக் கடைகளில் வேலை பார்க்கப் போய்விடுவார்கள். பெண்களுக்கோ சிறு வயதிலேயே மணம் முடிந்துவிடும். அக்கரையில் காய்ச்சல் கண்டு கணவன் இறந்தால், ஆயிரம் சன்னல் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஒரு சிறு பெண் வெள்ளைச் சேலையோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். சீர்வரிசையில் வந்த வெள்ளிப் பாத்திரங்களுக்கு இருந்த கணக்குப் பேரேடு அவள் ஆயுளுக்கு இல்லை.

முருகப்பாவும் அவர் துணைவியார் மரகதவல்லி அம்மையாரும் இதை எழுத்தில் மட்டும் கண்டிக்கவில்லை. கைம்பெண்களுக்கு மறுமணம் செய்துவைக்கச் சங்கம் அமைத்தார்கள். 1936இல் ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே காரைக்குடியிலிருந்து ஓர் இதழும் வந்தது. அதன் ஆசிரியர் மரகதவல்லி அம்மையார். ஒரு பெண், தன் ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்தத் தலைப்பை முகப்பில் அச்சிட்டு மாதந்தோறும் வெளியிட்டார் என்பதைச் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். சந்தாக் கேட்டு எந்த வளவின் வாசலில் போய் நின்றிருப்பார்கள்? தபால்காரர் கொண்டுவந்த இதழை எந்த மாமியார் எந்த மருமகள் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருப்பார்? கல்லூரி கட்டுகிறேன் என்றால் ஊர் மாலை போடும். உன் வீட்டுப் பெண்ணுக்கு மறுமணம் செய்துவை என்றால் அதே ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். முருகப்பா கம்பனிலும் ஆழ்ந்தவர், இராமாயணத்துக்கு உரையோடு பதிப்புக் கொண்டுவந்தவர் என்பதால், கம்பனுக்கு விழா எடுக்கும் ஊர் அவரை மறந்தது எனக்கு இன்னும் கூடுதலாக உறுத்துகிறது. அழகப்பரையும் சா. கணேசனையும் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றி சொல்வது எளிதாக இருக்கும் இடத்தில் மட்டும் ஊர் நன்றி சொல்கிறது என்பதுதான் என் குறை.

கல்லூரிக்குள் மதிக்கப்பட்டவர் என்றால் வ.சுப. மாணிக்கனார். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக வேலை பார்த்தார். அதிகாரி வந்தால் முதலாளி கடையில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். இருக்கிறவரை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று மறுத்துவிட்டதால் வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பிப் பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் படித்து, அழகப்பா கல்லூரியில் பேராசிரியராகி, பிறகு முதல்வராகி, மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் போனார். நான் சேரும்போது அவர் கல்லூரியை விட்டுப் போயிருந்தார். ஆனாலும் தேர்வில் பார்த்து எழுதுகிற பையனைக் கண்டால், ‘வ.சுப.மா. நடந்த வராந்தாடா இது’ என்று சொல்லும் ஆசிரியர்கள் இருந்தார்கள். கடைசிக் காலத்தில் தமிழ்வழிக் கல்விக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மீனாட்சிசுந்தரேசுவரர் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த கவிஞர் முடியரசனும் இந்த வகையில் சேர்ந்தவர். சாதி மறுப்பைப் பாட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், தாமும் சாதி பாராமல் மணந்து பிள்ளைகளுக்கும் அப்படியே மணம் செய்துவைத்தவர். முருகப்பாவைப் போல வீட்டுக்குள் கை வைத்தவர்தான். ஆனால் தம் வீட்டுக்குள்ளேயே வைத்ததால் ஊர் அவரைக் கோபிக்கவில்லை போலும்.

கடைசியாக ஒருவர். அவர் தலைவர் அல்லர், மேடை ஏறியவரும் அல்லர். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவர் வீட்டில் சேர்ந்தன. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கி, நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே நூலகமாக அமைக்க வழி செய்தது. அது இப்போது தரமணியில் இருக்கிறது. சீர்திருத்த இதழ்கள் வெளிவந்த காலத்துத் தமிழ் அச்சுலகைப் பற்றி ஏதேனும் தேட வேண்டுமானால், ஆய்வாளர்கள் முதலில் போய் நிற்கும் இடங்களில் அது ஒன்று.

உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பங்குனியில் கம்பன் விழாவுக்குப் போகட்டும், குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போகட்டும். கோட்டையூருக்கு நகரப் பேருந்தில் போய்வரலாம். கல்லூரியில் கட்டுரைக்குத் தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னால், அழகப்பரைப் பற்றி எழுத நாற்பது பேர் இருப்பார்கள். அவள் மரகதவல்லி அம்மையாரைப் பற்றி எழுதலாம். விடுமுறையில் சென்னைக்கு வரும்போது தரமணியில் ஒரு நாள் உட்கார்ந்து பழைய இதழ்களைப் புரட்டினால் அதற்கான தொடக்கம் கிடைக்கும்.